முதல் குத்துலயே நரம்பு கிடைச்சாதான் நல்ல நர்ஸா? - செவிலியரின் திறமையை எதை வைத்து அளப்பது?

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள். ராத்திரி 11 மணி. ட்ரிப்ஸ் போட வந்த இளம் சிஸ்டர், அப்பாவின் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவதும் வீண். "இருங்க சார், சீனியர் சிஸ்டரைக் கூட்டிட்டு வர்றேன்" என்று அவர் நகர்ந்ததும், உங்கள் வாயிலிருந்து தானாக வந்து விழுகிறது... "இதெல்லாம் எங்கதான் படிச்சிட்டு வருதுங்களோ!"

மார்க் போட்டாச்சு. ஃபெயில்.

அடுத்து வருகிற சிஸ்டர் சிரித்த முகம், கலையாத யூனிஃபார்ம், நடுநடுவே நாலு வார்த்தை இங்கிலீஷ். ஒரே குத்து, வேலை முடிந்தது. அவருக்கு நூற்றுக்கு நூறு. சரி, ராத்திரி 2 மணிக்கு அப்பாவின் மூச்சு வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதை இந்த இருவரில் யார் கவனிப்பார்? அப்பாவின் உயிர் அந்தக் கவனிப்பில்தான் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால், அதற்கு நம்மிடம் மார்க் ஷீட்டே கிடையாது.

செவிலியர்களின் அறிவையும் திறமையையும் எடைபோட நாம் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் தப்பான தராசு. நோயாளியின் குடும்பம் மட்டுமல்ல, கல்லூரிகளும் ஆஸ்பத்திரி நிர்வாகங்களும்கூட பல நேரம் அதே தராசைத்தான் பிடித்திருக்கின்றன.

முதலில் அந்த நரம்பு விஷயம். வயதானவர்களுக்கு ரத்தக்குழாய் மெலிந்து, தொட்டால் நழுவும். உடம்பில் நீர்ச்சத்து குறைந்தாலும், பி.பி இறங்கினாலும் குழாய் சுருங்கிவிடும். கீமோதெரபி எடுத்தவர்களுக்கு, அடிக்கடி ட்ரிப்ஸ் ஏறியவர்களுக்கு, உடல் பருமன் உள்ளவர்களுக்கு என எத்தனை கைதேர்ந்தவருக்கும் நரம்பு தண்ணி காட்டும். ரத்தக்குழாய் ஊசிகளுக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள் என்ன சொல்கின்றன தெரியுமா? ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயற்சி செய்யக் கூடாது, அனுபவம் அதிகமுள்ள இன்னொருவரிடம் விட்டுவிட வேண்டும். அப்படியானால், இரண்டு குத்துக்குப் பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டு சீனியரைத் தேடிப் போன அந்தப் பெண், பாடத்தில் உள்ளபடியே நடந்திருக்கிறார். ‘நானே பிடிச்சுக் காட்டறேன்’ என்று ஐந்தாவது முறை குத்துகிறவரிடம்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

இங்கிலீஷ் மயக்கம் இன்னும் வேடிக்கை. நம்ம ஊர்ப் பாட்டி வார்டில் படுத்துக்கொண்டு என்ன சொல்வார்? "நெஞ்சைக் கரிக்குதும்மா", "கிறுகிறுன்னு வருது", "கை காலெல்லாம் ஓய்ஞ்சு போச்சு", "ஒரு மாதிரி இருக்கு". இதில் எது வெறும் அசதி, எது வாயு, எது ஹார்ட் அட்டாக்கின் முதல் அறிகுறி என்று பிரித்தறிய வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கும், வயதான பெண்களுக்கும் மாரடைப்பு வரும்போது பல நேரம் சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய மாட்டார்கள். வியர்க்கும், குமட்டும், மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ‘கேஸ் ட்ரபிள்தான் பாட்டி, படுங்க’ என்று போய்விடாமல், நின்று நாலு கேள்வி கேட்டு, உடனே ஒரு ஈ.சி.ஜி-க்கு ஏற்பாடு செய்கிற சிஸ்டருக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்றால் வந்துவிட்டுப் போகட்டுமே!

பட்டம் பேசுமா?

"பி.எஸ்சி நர்ஸா, டிப்ளமோ நர்ஸா?" - இந்தக் கேள்விதான் கல்யாண புரோக்கர் முதல் ஆஸ்பத்திரி ஹெச்.ஆர் வரைக்கும் எல்லோரும் கேட்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம் நாட்டில் ஏ.என்.எம் என்பது இரண்டு வருடப் படிப்பு. கிராம சுகாதார நர்ஸ் என்று நாம் அறிந்தவர்கள் பலரும் இந்த வழியாக வந்தவர்கள். ஜி.என்.எம் மூன்று வருட டிப்ளமோ. பி.எஸ்சி நர்ஸிங் நான்கு வருடம். டிப்ளமோ முடித்தவர்கள் மேலும் இரண்டு வருடம் படித்துப் பட்டம் வாங்க போஸ்ட் பேசிக் பி.எஸ்சி இருக்கிறது. அதற்கு மேல் எம்.எஸ்சி. இந்தியாவில் நர்ஸிங் பட்டப்படிப்பு தொடங்கியது 1946-ல். டெல்லியிலும், நம் வேலூர் சி.எம்.சி-யிலும் அந்த ஆண்டுதான் ஆரம்பித்தார்கள். அதாவது, சுதந்திரத்துக்கு முன்பே ‘நர்ஸ் வேலைக்கு டிகிரி வேண்டும்’ என்று நினைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

பட்டத்தால் நோயாளிக்கு என்ன லாபம்? இதற்கு உலகளவில் அதிகம் பேசப்படும் பதில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டா எய்க்கன் குழுவினரின் ஆய்வுகளிலிருந்து வருகிறது. 2014-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது முக்கியமானது. ஐரோப்பாவின் 9 நாடுகள், 300 ஆஸ்பத்திரிகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகள். ஒரு ஆஸ்பத்திரியில் பட்டப்படிப்பு முடித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவிகிதம் கூடினால், நோயாளி 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் குறைவதாக அந்தக் கணக்கு சொன்னது.

‘பார்த்தீங்களா, டிகிரிதான் பெஸ்ட்’ என்று இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஒரு நர்ஸின் தலையில் கூடுதலாக ஒரே ஒரு நோயாளியைச் சுமத்தினால், இறப்புக்கான வாய்ப்பு 7 சதவிகிதம் ஏறுகிறது. டிகிரி வாங்கித் தந்த லாபத்தை, கூடுதலாக ஒரு கட்டில் தின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2002-ல் எய்க்கன் குழுவினர் செய்த ஆய்விலும் கிட்டத்தட்ட இதே 7 சதவிகிதம்தான் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். இது ஒரு ஆஸ்பத்திரி முழுவதற்குமான கணக்கு. உங்கள் எதிரே நிற்கும் ஜி.என்.எம் சிஸ்டரைவிட, பக்கத்து வார்டு பி.எஸ்சி சிஸ்டர் கெட்டிக்காரர் என்று இதிலிருந்து முடிவுகட்டவே முடியாது. நான்கு வருடப் படிப்பில் மருந்தியலும், உடலியங்கியலும், ஆராய்ச்சி முறைகளும் கூடுதலாகக் கிடைக்கின்றன. அது நல்ல அஸ்திவாரம். அதன் மேல் வீடு கட்டுவது வார்டில்தான். மாணவிகளுக்குப் பயிற்சி பெற போதுமான நோயாளிகள்கூட இல்லாத கல்லூரியில் வாங்கிய பட்டத்தையும், தினமும் நிரம்பி வழியும் அரசு மருத்துவமனையில் மூன்று வருடம் ஓடிப் படித்த டிப்ளமோவையும் ஒப்பிட்டு எதை உசத்தி என்பீர்கள்?

ஆனால், ஒரு இடத்தில் மட்டும் கறாராக இருங்கள். சின்னச் சின்ன நர்ஸிங் ஹோம்கள் சிலவற்றில், எந்த நர்ஸிங் படிப்பும் படிக்காத பெண்களுக்கு வெள்ளை யூனிஃபார்மை மாட்டிவிட்டு, ‘பார்த்துப் பார்த்துக் கத்துக்குவா’ என்று ஊசி போட விடுகிறார்கள். கேட்டால் ‘டிரெய்னிங் சிஸ்டர்’ என்பார்கள். முறையாகப் படித்துத் தேறியவர்கள் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள். பதிவு எண் இருக்கும். இதற்கான சட்டம் 1926-லிருந்தே இருக்கிறது. ‘எங்க படிச்சீங்க சிஸ்டர், ரெஜிஸ்டர் பண்ணிட்டீங்களா?’ என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை. படித்தவர்கள் கோபப்பட மாட்டார்கள். சொல்லப்போனால், சந்தோஷப்படுவார்கள்.

டாக்டர் இல்லாத நேரம்

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு நர்ஸின் புத்திசாலித்தனம் எங்கே வேலை செய்கிறது?

டாக்டர் ஒரு நாளில் உங்கள் அப்பாவைப் பார்ப்பது இரண்டு தடவை, தலா ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 23 மணி 50 நிமிடம்? அந்த நேரத்தில் உடம்பில் ஏற்படும் மாற்றத்தைப் பிடிக்கும் வலைதான் நர்ஸ். 1992-ல் ஜெஃப்ரி சில்பர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிக்கல் வருவது என்பது ஒன்று. வந்த சிக்கலிலிருந்து நோயாளியைக் காப்பாற்றத் தவறுவது என்பது வேறொன்று. முதலாவது, நோயாளியின் வயதையும் நோயையும் பெரிதும் பொறுத்தது. இரண்டாவதில்தான் ஆஸ்பத்திரியின் தரம் வெளிச்சத்துக்கு வருகிறது. எல்லா ஆஸ்பத்திரியிலும்தான் சிக்கல் வரும். நல்ல ஆஸ்பத்திரியில் யாராவது ஒருவர் அதைச் சீக்கிரம் பார்த்துவிடுகிறார். அந்த யாராவது ஒருவர், பெரும்பாலும் ட்யூட்டி நர்ஸ்.

எதைப் பார்க்கிறார்? ஆச்சர்யப்படும் அளவுக்குச் சாதாரண விஷயங்களை. மூச்சு எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள். அது 25-ஐ தொட்டால், பிரிட்டன் ஆஸ்பத்திரிகள் பின்பற்றும் அபாய மதிப்பெண் அட்டையில் அந்த ஒன்றுக்கே அதிகபட்சமான 3 புள்ளிகள். நிமோனியா, ரத்தத்தில் கிருமித் தொற்று, உள்ளே ரத்தக்கசிவு எல்லாவற்றிலும் சீக்கிரமே அசைகிற முள்களில் இதுவும் ஒன்று. இதற்கு மெஷின் வேண்டாம். நோயாளியின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு, கடிகாரத்தைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அவ்வளவுதான். ஆனால் உலகம் முழுக்க, வார்டுகளில் அதிகம் ‘அட்ஜஸ்ட்’ செய்து எழுதப்படுவதும் இதுதான். கேஸ் ஷீட்டில் எல்லா நோயாளிக்கும், எல்லா ஷிஃப்ட்டிலும் ‘20, 20, 20’ என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம்! உங்கள் சிஸ்டர் பேசாமல் நின்று, வாட்ச்சையும் நோயாளியின் மார்பையும் மாறி மாறிப் பார்க்கிறாரா? பேச்சுக் கொடுத்து கெடுத்துவிடாதீர்கள். அவர் உங்கள் வார்டிலேயே புத்திசாலித்தனமான காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறார்.

இன்சுலினையும் சொல்லலாம். நம் ஊரில் 1 மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலின் பாட்டிலும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். பொதுவாக 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை, 40-க்கான சிரிஞ்சில் 20-ம் கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். இரண்டரை மடங்கு! வயதான ஒருவர் தூக்கத்திலேயே சர்க்கரை தாழ்ந்து நினைவிழக்க இது போதும். பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் பெயரைக் கேட்கும் சிஸ்டரைப் பார்த்து "காலையிலேருந்து நாலு தடவை பேர் கேட்டாச்சு, ஞாபகம் இல்லையா?" என்று எரிந்து விழாதீர்கள். ஞாபகத்தை நம்பாமல் இருப்பதுதான் அவர் பயிற்சி. சரியான நபர், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று முதல் வருடத்திலேயே தலையில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

‘என்னமோ சரியில்ல டாக்டர்’

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. அதை அளப்பது இன்னும் கஷ்டம்.

பெத் கிராண்டால் என்ற ஆய்வாளர், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் அனுபவசாலி நர்ஸ்களைப் பேட்டி எடுத்தார். குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் கிருமித் தொற்று வந்தால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும். இந்த நர்ஸ்களோ, லேப் ரிசல்ட் வருவதற்கு முன்பே, ‘இந்தக் குழந்தை சரியில்லை’ என்று கண்டுபிடித்தார்கள். எப்படி என்று கேட்டால், ‘பார்த்தாலே தெரியும்’ என்றுதான் முதலில் சொன்னார்கள். ஒவ்வொரு சம்பவமாகத் தோண்டித் தோண்டிக் கேட்டபோதுதான் விவரம் வெளியே வந்தது. தோலின் நிறத்தில், அழுகையின் தொனியில், தொட்டால் துள்ளும் வேகத்தில் என அவர்கள் கவனித்த அறிகுறிகளில் கணிசமானவை அன்றைய பாடப் புத்தகங்களிலேயே இல்லை! சில அறிகுறிகள், பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் தெரிவதற்கு நேர் எதிரானவை. முடிவெடுக்கும் கலையைப் பற்றி எழுதிய உளவியலாளர் கேரி கிளைன் இந்த ஆய்வைத் தன் புத்தகத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

இதை நாம் ‘உள்ளுணர்வு’ என்று சொல்லி, ஏதோ ஜோசியம் மாதிரி ஆக்கிவிடுகிறோம். அது ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தூக்கி, துடைத்து, பால் புகட்டி சேர்ந்த அறிவு. வாயால் சொல்ல வராததாலேயே அது அறிவு இல்லை என்று ஆகிவிடாது. நம் வீட்டுப் பாட்டிகள் குழந்தையின் நெற்றியைத் தொடாமலேயே ‘கண்ணு சரியில்ல, ராத்திரி காய்ச்சல் வரும்’ என்று சொல்வார்களே, அந்த ரகம். ஆனால் அதைவிடப் பல மடங்கு பழக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் தொடங்கி பல நாடுகளில் பரவிய அவசர உதவிக் குழு முறையில், பி.பி, பல்ஸ் எல்லாம் சரியாகவே இருந்தாலும், ‘எனக்குக் கவலையா இருக்கு’ என்று நர்ஸ் சொன்னாலே குழுவைக் கூப்பிடலாம் என விதியே வைத்திருக்கிறார்கள். ஒரு நர்ஸின் கவலைக்கு எண்களுக்குச் சமமான இடம்!

ஆனால், எல்லா சீனியருக்கும் இது வாய்த்துவிடுமா? அமெரிக்க நர்ஸிங் பேராசிரியர் பாட்ரீஷியா பென்னர் 1984-ல் எழுதிய புத்தகத்தில், புதியவர் நிலையிலிருந்து நிபுணர் நிலைவரை ஐந்து படிகளைச் சொன்னார். புதியவருக்கு விதி வேண்டும். ‘பி.பி இதற்குக் கீழே போனால் கூப்பிடு.’ ஒரே மாதிரியான வார்டில் இரண்டு, மூன்று வருடம் வேலை செய்தவர், எது முதலில், எது பிறகு என்று திட்டமிடுவார். நிபுணரோ மொத்தத்தையும் ஒரே பார்வையில் எடுத்துக்கொள்வார். பென்னர் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. எத்தனை பெரிய நிபுணரானாலும், பழக்கமில்லாத வார்டுக்கு மாற்றினால் அவர் மறுபடி கீழ்ப்படிக்கு வந்துவிடுவார். பத்து வருடம் எலும்பு முறிவு வார்டில் கொடிகட்டிப் பறந்தவரை, ஆள் பற்றாக்குறை என்று ஒரே ராத்திரியில் குழந்தைகள் ஐ.சி.யு-வில் நிறுத்தினால், அன்றைக்கு அவர் புதியவர்தான். அங்கே அவர் தடுமாறுவதைப் பார்த்து ‘இவ்ளோ வருஷ சர்வீஸ்ல இதுகூட தெரியலையா?’ என்று கேட்பது, பஸ் டிரைவரை விமானத்தில் உட்கார வைத்துவிட்டுத் திட்டுவதற்குச் சமம்.

தெரிந்திருந்தும் செய்யாதது ஏன்?

1966-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவர் செய்த பரிசோதனை ஒன்று இருக்கிறது. படித்தால் தூக்கிவாரிப் போடும். ராத்திரி ட்யூட்டியில் இருக்கும் நர்ஸுக்கு முன்பின் தெரியாத ஒரு ‘டாக்டர்’ போன் செய்கிறார். ‘குறிப்பிட்ட நோயாளிக்கு இந்த மருந்து 20 மில்லிகிராம் கொடுங்க. நான் அப்புறமா வந்து கையெழுத்துப் போடறேன்’ என்கிறார். மருந்து டப்பாவின் மேலேயே, அதிகபட்ச அளவு 10 மில்லிகிராம் என்று அச்சாகியிருக்கிறது. போனில் மருந்து உத்தரவு வாங்கக் கூடாது என்ற விதியும் உண்டு. டப்பாவில் இருந்தது ஆபத்தில்லாத போலி மாத்திரை. 22 நர்ஸ்களில் 21 பேர் அதைக் கொடுக்கக் கிளம்பினார்கள். வழியில் நிறுத்தி உண்மையைச் சொன்னார்கள்.

இதைவிட முக்கியமானது பின்குறிப்பு. இதே சூழ்நிலையைக் காகிதத்தில் எழுதி, வேறு 12 நர்ஸ்களிடமும் 21 நர்ஸிங் மாணவிகளிடமும் ‘நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்டார்கள். 12 பேரில் 10 பேர் ‘கொடுக்க மாட்டோம்’ என்றார்கள். மாணவிகள் 21 பேரும் ‘கொடுக்க மாட்டோம்’ என்றார்கள். பரீட்சையில் எல்லோரும் பாஸ். வார்டில்?

அந்த 21 பேரும் அறிவில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? 1977-ல் வேறு ஆய்வாளர்கள் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். நர்ஸ்களுக்குப் பழக்கமான மருந்து, பக்கத்தில் கலந்து பேச சக நர்ஸ்கள். இந்த முறை 18 பேரில் 16 பேர் அந்த அளவைக் கொடுக்க முன்வரவில்லை. மனிதர்கள் அதே ரகம்தான். சூழல் மாறியது, ‘புத்தி’யும் மாறியது. நம் ஊரில் டாக்டரிடம் ‘சார், இந்த டோஸ் அதிகமா இருக்கே’ என்று ஒரு நர்ஸ் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘எனக்கே சொல்லித் தர்றியா?’ என்று ஒரு தடவை எல்லோர் முன்னாலும் கத்தினால் போதும், அந்த வார்டில் பத்து நர்ஸ்களின் அறிவுக்கு ஒரே நேரத்தில் பூட்டுப் போட்டாயிற்று.

தெரிந்ததைச் சொல்லும் விதமும் திறமையின் ஒரு பகுதி. ராத்திரி டாக்டருக்கு இப்படியொரு போன் போகிறது: "டாக்டர், ஆறாம் பெட் பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க." தூக்கக் கலக்கத்தில் டாக்டர் என்ன சொல்வார்? "சரி, காலைல பார்க்கறேன்." இன்னொரு விதமாக: "டாக்டர், ஆறாம் பெட், நேத்து குடல் ஆபரேஷன் ஆனவங்க. பல்ஸ் ஒரு மணி நேரத்துல 88-லேருந்து 124 ஆயிருச்சு. பி.பி 90/60. ரெண்டு மணி நேரமா யூரின் 20 மில்லிதான். உள்ள ரத்தக்கசிவு இருக்குமோன்னு தோணுது. நீங்க இப்பவே வந்து பார்க்கணும்." இந்தப் போனுக்குப் பிறகு யாரால் தூங்க முடியும்? நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும் என்ற இந்த நான்கு அடுக்கு முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. இன்று நம் ஊர் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் சொல்லித் தருகிறார்கள்.

பரீட்சைகளும் மாறுகின்றன

மனப்பாடம் செய்து எழுதும் பரீட்சையால் இதையெல்லாம் அளக்க முடியாது என்பது உலகத்துக்கு மெள்ளப் புரிந்துகொண்டிருக்கிறது. வெளிநாடு போக ஆசைப்படும் நம் நர்ஸ்கள் இதை நேரடியாகவே சந்திக்கிறார்கள். பிரிட்டன் போகிறவர்கள் கம்ப்யூட்டர் தேர்வோடு, பத்து நிலையங்கள் கொண்ட செய்முறைத் தேர்வையும் முடிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், 1970-களில் ரொனால்டு ஹார்டன் என்ற பேராசிரியர் மருத்துவ மாணவர்களுக்காக உருவாக்கிய முறையின் நீட்சி அது. நோயாளியாக நடிப்பவரிடம் பேசுவது, மருந்து கொடுப்பது, கை கழுவுவது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு.

அமெரிக்க லைசென்ஸ் தேர்வில் 2023 ஏப்ரல் முதல் கேள்வி முறையே மாறிவிட்டது. நோயாளியின் கேஸ் ஷீட், லேப் ரிப்போர்ட், நேரவாரிக் குறிப்புகளைத் தருகிறார்கள். இதில் எது கவலைக்குரியது, ஏன், முதலில் என்ன செய்வீர்கள் என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் உங்கள் பதிலுக்குத் தகுந்தபடி அடுத்த கேள்வியைக் கடினமாக்கும் அல்லது எளிதாக்கும். 85 கேள்வியிலும் முடியலாம், 150 வரையும் போகலாம். கோச்சிங் சென்டர் நோட்ஸை உருப்போட்டுப் போகிறவர்கள் திணறுவது இங்கேதான்.

நம் ஊரில் நர்ஸிங் மாணவிகள் இன்னமும் பக்கம் பக்கமாக கேர் பிளான் எழுதுகிறார்கள், அதற்கு மார்ஜின் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. நல்ல ஆசிரியைகள் இல்லாமல் இல்லை. மாணவியை நோயாளியின் பக்கத்தில் நிறுத்தி, ‘இப்போ என்ன பார்க்கறே? ஏன் அப்படி நினைக்கிறே? அடுத்த ஒரு மணி நேரத்துல எதைப் பார்த்தா பயப்படுவே?’ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகள் நர்ஸிங் சேரப் போகிறாள் என்றால், கல்லூரி கட்டடத்தின் பளபளப்பைப் பார்க்காமல், இணைந்திருக்கும் ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கைகளில் நிஜமாகவே நோயாளிகள் இருக்கிறார்கள், முதல் வருடத்தில் எப்போது வார்டுக்கு அனுப்புவார்கள், கூடவே ஆசிரியை நிற்பாரா என்று கேளுங்கள். அப்படியே, ‘டாக்டர் சீட் கிடைக்கல, அதான் நர்ஸிங்’ என்று சொந்தக்காரர்களிடம் சொல்வதை நிறுத்திக்கொள்ளுங்கள். அவள் காதில் விழுகிறது. கிரிமியா போரின் இறப்புக் கணக்குகளை வண்ண வரைபடமாக்கி அரசாங்கத்தின் கண்ணைத் திறந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். கணக்குப் புலி! நாம் அவர் கையில் விளக்கை மட்டும் கொடுத்து காலண்டரில் மாட்டிவிட்டோம்.

சம்பளத்தையும் பேசாமல் விட முடியாது. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் நிலைமை பற்றி 2016-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான சின்ன ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அந்த அளவை எட்டாத இடங்கள் இன்னும் ஏராளம். ஆகவே, மூன்று வருடம் வேலை பார்த்து, நரம்பும் கண்ணும் காதும் பழகி, ‘என்னமோ சரியில்ல’ என்று சொல்லும் நிலைக்கு வருகிறபோது அந்தப் பெண் வளைகுடாவுக்கோ, பிரிட்டனுக்கோ விமானம் ஏறிவிடுகிறார். அவர் இடத்துக்கு நேற்று முடித்தவர் வருகிறார். நம் வார்டுகளில் எப்போது பார்த்தாலும் சின்னப் பெண்களாகவே இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்படியானால் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் நீங்கள் எதைக் கவனிக்கலாம்? ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பாருங்கள். போகிற சிஸ்டர் வருகிற சிஸ்டரிடம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விவரம் சொல்கிறாரா, இல்லை கவுன்டரிலேயே நோட்டைத் தள்ளிவிட்டுப் போகிறாரா? கையைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சானிட்டைசர் போடுகிறாரா? நீங்கள் ஒரு சந்தேகம் கேட்டால், ‘தெரியல, கேட்டுட்டு வந்து சொல்றேன்’ என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே திரும்பி வந்து சொல்கிறாரா? இந்தக் கடைசி ஒன்றுக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக மார்க் போடுவேன்.

உங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று செய்யலாம். உங்கள் அப்பாவின் வழக்கமான முகம் உங்களுக்குத்தான் தெரியும். சிஸ்டருக்குத் தெரியாது. ‘அப்பா எப்பவும் பேப்பர் கேட்பார், இன்னிக்கு கேட்கலை’, ‘சாயந்திரத்துலேருந்து என் பேரை மாத்திச் சொல்றார்’ என்று சொல்லுங்கள். ‘சும்மா தொந்தரவு பண்றோமோ’ என்று தயங்காதீர்கள். வயதானவர்களிடம் தொற்று பரவும்போது பல நேரம் காய்ச்சலுக்கு முன்பே இந்தக் குழப்பம்தான் தலைகாட்டும். நல்ல நர்ஸ் என்றால், நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும், கண் வாட்ச்சில் இருக்கும்.